அழித்த பதிவு திரும்பி வராத மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

காலண்டர், முகவரிகள், செய்ய வேண்டிய வேலைகள், குறிப்புகள். இந்த நான்கையும் கணினியிலும் கையில் இருக்கும் கருவியிலும் ஒன்றுபோல வைத்துக்கொள்ள எந்த மென்பொருள் நல்லது என்று தேடினால் ஒப்பீட்டு அட்டவணைகள்தான் வந்து குவிகின்றன. வாரக் காட்சி உண்டா, விட்ஜெட் உண்டா, நிறம் மாற்றலாமா, மாதக் கட்டணம் எவ்வளவு. "சிங்க்" என்ற வரிக்கு எதிரே எல்லா மென்பொருளுக்கும் ஒரு டிக் அடித்திருப்பார்கள். அந்த டிக்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஃபோனில் ஒரு சந்திப்பை அழிக்கிறோம், அதே நேரத்தில் வீட்டில் ஒருவர் கணினியில் அதையே திருத்துகிறார், பிறகு இரண்டும் சந்திக்கின்றன என்றால் என்ன ஆகும்? அட்டவணையில் இதற்கு இடமே இல்லை. மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். வாரக் காட்சி பிடிக்காவிட்டால் பழகிக்கொள்ளலாம். முகவரிப் பட்டியலில் 600 பேரும் இரண்டிரண்டு முறை நிற்பதைப் பழகிக்கொள்ள முடியாது.

இந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காக எதிர்கொண்டவர்கள் பாம் என்ற கையடக்கக் கருவியைச் செய்தவர்கள். 1996இல் யு.எஸ். ரோபாட்டிக்ஸ் பெயரில் பைலட் 1000, பைலட் 5000 என்ற இரண்டு மாடல்கள் வந்தன. ஒன்றில் நினைவகம் 128 கிலோபைட், மற்றதில் 512. அதற்கு முன் வந்த பல கையடக்கக் கருவிகளுக்குக் கணினி இணைப்புக் கேபிளும் மென்பொருளும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பாமை நிறுவிய ஜெஃப் ஹாக்கின்ஸும் அவரோடு இருந்தவர்களும் தங்கள் கருவியைக் கணினியின் நீட்சியாகவே பார்த்தார்கள். கருவியை நிறுத்திக் கணினியோடு இணைக்கும் தாங்கியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் ஹாட்சிங்க், அதாவது பாமின் சிங்க். நான்கு செயலிகளுக்கும் கணினிப் பக்கம் தனித்தனியாக 'கான்டூட்' என்ற சிறு நிரல்கள் இருந்தன. ஹாட்சிங்க் மேனேஜர் அவற்றை ஒவ்வொன்றாக ஓட விடும். பாமின் சொந்தக் கணினி மென்பொருளான பாம் டெஸ்க்டாப்போடு சேர்ப்பதா, மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கோடு சேர்ப்பதா என்பது உண்மையில் எந்தக் கான்டூட்டை இயக்குவது என்ற தேர்வுதான்.

அழிப்பதில் இருக்கும் சிக்கல்

சிங்க் செய்யும் நிரல் இரண்டு பட்டியல்களைப் பார்க்கிறது. கணினியில் ஒரு பதிவு இருக்கிறது, கருவியில் இல்லை. இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. கணினியில் புதிதாகச் சேர்த்திருக்கலாம். அல்லது கருவியில் அழித்திருக்கலாம். பட்டியல்களை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் எது என்று தெரியாது. புதிது என்று எடுத்துக்கொண்டால் அழித்ததெல்லாம் மறுநாள் உயிர்த்தெழும். அழித்தது என்று எடுத்துக்கொண்டால் புதிதாக எழுதியது காணாமல் போகும். ஆகவே இருவரில் ஒருவராவது பழையதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு மென்பொருள் எதை, எங்கே, எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறது என்பதில்தான் நல்ல சிங்க்கும் மோசமான சிங்க்கும் பிரிகின்றன.

பாம் செய்தது இது. ஒவ்வொரு பதிவுக்கும் 24 பிட் அடையாள எண் ஒன்று. பக்கத்திலேயே சில கொடிகள், அதாவது ஆம்-இல்லை அடையாளங்கள்: திருத்தப்பட்டது, அழிக்கப்பட்டது, ரகசியம். பயனர் ஒரு பதிவை அழித்ததும் அது திரையிலிருந்து மறையும், ஆனால் எண்ணும் 'அழிக்கப்பட்டது' கொடியும் அடுத்த ஹாட்சிங்க் வரை உள்ளேயே கிடக்கும். கணினி அந்தக் கொடியைப் பார்த்துத் தன் பக்கமும் அழித்த பிறகுதான் உண்மையில் துடைக்கப்படும். அழிக்கும்போது வரும் சிறு பெட்டியில் "கணினியில் ஒரு பிரதி காப்பகத்தில் வை" என்ற தேர்வும் இருந்தது. இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாகத் திருத்தப்பட்டிருந்தால் எது சரி என்று ஊகிக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். ஒரு பக்கம் அழித்து மறுபக்கம் திருத்தியிருந்தால் திருத்தியது நிற்கும். இந்த முடிவுகளில் ஒரு கொள்கை தெரிகிறது: சந்தேகம் வந்தால் எதையும் இழக்காதே, மனிதன் பார்த்து முடிவு செய்யட்டும். இரட்டைப் பதிவு தொந்தரவுதான். ஆனால் கண்ணில் படும் தொந்தரவு. சத்தமில்லாமல் போன பதிவு, போனதே தெரியாது.

கொடிகள் நம்பகமாக இருப்பது ஒரே கணினியோடு சிங்க் செய்யும் வரைதான். அலுவலகக் கணினியோடு சிங்க் ஆனதும் கொடிகள் துடைக்கப்பட்டுவிடும். மாலையில் வீட்டுக் கணினிக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. இதற்காகவே கடைசியாக எந்தக் கணினியோடு சேர்ந்தது என்பதையும் கருவி குறித்து வைத்திருந்தது. அதே கணினி என்றால் கொடியுள்ள பதிவுகளை மட்டும் அனுப்பும் வேக சிங்க். வேறு கணினி என்றால் எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடும் மெது சிங்க். காலண்டருக்கு ஒரு மென்பொருள், முகவரிக்கு இன்னொன்று, இரண்டு கணினிகள் என்று கலந்தவர்களுக்குத்தான் இரட்டைப் பதிவுகள் பெருகின. கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்ட பிறகு செய்யும் முதல் சிங்க்கும் ஆபத்தான இடம். அங்கே "கணினியில் உள்ளது கருவியை மேலெழுதட்டும்" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். திசையைத் தவறி மாற்றி வைத்தால் காலிக் கருவி கணினியைக் காலி செய்துவிடும். 2004இல் டங்ஸ்டன் டி5, ட்ரியோ 650 வரும் வரை பாம் கருவிகள் பயனரின் தகவலைச் சாதாரண ராமில்தான் வைத்திருந்தன. பேட்டரி முழுதாக இறங்கினால் எல்லாம் போய்விடும். அந்த நிலையில் இந்த ஒரு தேர்வை எவ்வளவு பேர் பதற்றத்தோடு அழுத்தியிருப்பார்கள்!

பெட்டிகள் பொருந்த வேண்டும்

அழிப்புக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது இரண்டு பக்கத்துப் பதிவுகளின் வடிவம். பாமின் பழைய முகவரிப் புத்தகத்தில் ஒருவருக்கு ஐந்து தொலைபேசிப் பெட்டிகள், ஒரே ஒரு அஞ்சல் முகவரி, நாம் பெயரிடக்கூடிய நான்கு பெட்டிகள். மின்னஞ்சலும் அந்த ஐந்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். அவுட்லுக்கில் ஒருவருக்கே மூன்று அஞ்சல் முகவரிகள், மூன்று மின்னஞ்சல்கள், ஏராளமான எண்கள். கான்டூட் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுகிறது என்று முன்பே தெரிந்துகொண்டவர்கள், இரண்டாவது முகவரியைக் குறிப்புப் பகுதியில் எழுதித் தப்பித்தார்கள். பாமில் அதிகபட்சம் 15 வகைகளை நாமே உருவாக்கலாம், ஒரு பதிவு ஒரு வகையில்தான் இருக்கும். அவுட்லுக்கில் ஒரே பதிவுக்குப் பல வகைகள். பாமின் குறிப்புச் செயலியான மெமோ பேடில் ஒரு குறிப்பு சுமார் 4,000 எழுத்துகளோடு முடியும்; அதைவிட நீளமான அவுட்லுக் குறிப்பு வால் அறுந்துதான் கருவிக்குள் வரும்.

கூடுதல் வசதிகளைத் தரும் செயலிகள் இந்தப் பெட்டிகளுக்குள் எப்படிப் புகுந்தன என்பது ரசிக்கத்தக்கது. பாமுக்கு வெளியார் எழுதிய டேட்புக் என்ற காலண்டர் செயலி, தன் படக்குறிகளையும் கூடுதல் அமைப்புகளையும் சந்திப்பின் குறிப்புப் பெட்டியில், இரண்டு ஹாஷ் குறிகளோடு தொடங்கும் ஒரு குறியீட்டு வரியாக எழுதிவைத்தது. பாம் டெஸ்க்டாப்புக்கு அந்த வரி புரியாது. ஆனால் குறிப்பு என்பதால் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவரும். தனிக் கான்டூட்டே தேவையில்லை. கணினியில் அந்த வரியைப் பார்த்து "இது என்ன குப்பை" என்று துடைத்தால் மட்டும் படக்குறி போய்விடும். இன்றைய செயலிகளிலும் இதே உத்தி இருக்கிறது. வேறு எந்த மென்பொருளிலும் இல்லாத ஒரு வசதியை ஒரு செயலி காட்டினால், அந்தத் தகவல் எந்தப் பெட்டியில் உட்கார்ந்து பயணம் செய்கிறது என்று கேளுங்கள். பதில் "எங்கள் சர்வரில்" என்றால், அந்தச் செயலியை விட்டு வெளியேறும் நாளில் அந்தத் தகவல் உங்களோடு வராது.

மீண்டும் மீண்டும் வரும் சந்திப்புகள் இன்னொரு பொருத்தமற்ற இடம். வாராந்திரக் கூட்டத்தில் ஒரு வாரத்தை மட்டும் வியாழனுக்கு மாற்றினால், பழைய பாம் அந்த நாளை வரிசையிலிருந்து விலக்கிவிட்டு, வியாழனுக்குத் தனிப் பதிவு ஒன்றை உண்டாக்கும். பிறகு இரண்டுக்கும் உறவில்லை. இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஐகேலண்டர் வடிவத்தில் மாற்றிய நாளும் அதே அடையாள எண்ணோடு, மூல நாளைச் சுட்டிக்கொண்டு வரிசைக்குள்ளேயே இருக்கும். அதேபோல, மாதம்தோறும் 31ஆம் தேதி என்று போட்டால் ஐகேலண்டர் விதிப்படி 31 இல்லாத மாதங்கள் தாவப்படும். வாடகைக்கோ தவணைக்கோ நினைவூட்டல் வேண்டும் என்றால் "மாதத்தின் கடைசி நாள்" என்ற தேர்வு உள்ள மென்பொருளாகப் பாருங்கள். திதி, நட்சத்திரம் பார்த்து வரும் நாள்களைச் சாதாரண மறுநிகழ்வு விதியில் சொல்லவே முடியாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை தனித்தனி நாள்களாகப் பதிவதுதான் ஒரே பத்திரமான வழி.

ஐந்தரை மணி நேரம்

பாமோடு வந்த பழைய காலண்டரான டேட் புக்குக்கு நேர மண்டலம் என்ற ஒன்றே கிடையாது. காலை 10 என்றால் எந்த ஊரிலும் காலை 10. எளிமைதான், பல வேலைகளுக்கு அதுவே போதும். இன்றைய மென்பொருள்கள் மண்டலத்தையும் சேர்த்துப் பதிகின்றன. சரியாகப் பதிந்தால் பெரிய உதவி. நியூயார்க்கில் காலை 9:30க்கு நடக்கும் வாராந்திர அழைப்பு கோடையில் நமக்கு மாலை 7 மணி, குளிர்காலத்தில் இரவு 8. அதை இந்திய நேரத்தில் பதிந்து வைத்தால், அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும் மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு மணி நேரம் பிசகும். நிகழ்வின் மண்டலத்தை "நியூயார்க்" என்று வைக்க ஃபோன் செயலியே இடம் தருகிறதா என்று பாருங்கள். கணினியில் மட்டும் தந்தால் போதாது.

முழுநாள் நிகழ்வுகள் இன்னும் நுட்பமானவை. பிறந்தநாளை வெறும் தேதியாகச் சேமிக்கும் மென்பொருளில் சிக்கலே இல்லை. சில, அதை நள்ளிரவு 12 முதல் 24 மணி நேரம் என்று சேமிக்கின்றன. இந்திய நள்ளிரவு உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 6:30. மறுபக்கம் அதைத் தேதியாக வெட்டினால் ஜூன் 12 பிறந்தநாள் ஜூன் 11இல் போய் உட்காரும், அல்லது இரண்டு நாள்களிலும் பரவி நிற்கும். பிறந்தநாள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு நாள் முன்னே போயிருந்தால் காரணம் அநேகமாக இதுதான். ஒவ்வொன்றாகத் திருத்தாதீர்கள், அடுத்த சிங்க்கில் மறுபடியும் நகரலாம். இரு பக்கத்து மண்டல அமைப்பையும் முதலில் ஒன்றாக்குங்கள்.

தமிழில் எழுதினால்

லத்தீன் எழுத்து நாடுகளுக்கான பாம் கருவிகள் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய குறியீட்டில் இயங்கியவை. யூனிகோட் தமிழுக்கு அவற்றில் இடமில்லை. இன்றைய ஃபோன்களில் தமிழ் தடையின்றி ஓடுகிறது, ஆனால் கோப்பாக வெளியே எடுக்கும்போது பழைய விதிகள் எட்டிப்பார்க்கின்றன. ஐகேலண்டர் கோப்பில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போனால் மடிக்க வேண்டும் என்பது விதி. தலைப்புப் புலத்தின் பெயரும் முக்காற்புள்ளியும் 8 பைட் எடுத்துக்கொள்ளும். மீதி 67. யூனிகோடைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், அதாவது புள்ளியும் துணைக்காலும்கூட, 3 பைட். ஆக 22 குறிகள் முழுதாக அடங்கி, 23ஆவது குறியின் முதல் பைட்டில் மடிப்பு விழும். ஒழுங்கான மென்பொருள் குறியின் எல்லை பார்த்து மடிக்கும். வாசிக்கும்போது முதலில் மடிப்பை நீக்கி, பிறகு எழுத்தாக மாற்றும். அவசரமாக எழுதப்பட்ட மென்பொருள் வரிசையை மாற்றிவிடும். விளைவு, நீளமான தமிழ்த் தலைப்புகளில் மட்டும் நடுவே கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி.

முகவரிகளிலும் இதே கதை. பல ஆண்ட்ராய்டு ஃபோன்கள் தொடர்புகளை விகார்ட் 2.1 என்ற பழைய வடிவத்தில்தான் ஏற்றுமதி செய்கின்றன. அதில் தமிழ்ப் பெயரின் ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக எழுதப்படும். "மீனாட்சி" என்ற பெயர் 8 குறிகள், 24 பைட், கோப்பில் 72 எழுத்துகள். "மீனாட்சி சுந்தரம்" ஒரு வரிக்குள் அடங்காமல் வரி முறியும். முறிவைச் சேர்த்துப் படிக்கத் தெரியாத இறக்குமதி நிரல் முதல் வரியோடு நிறுத்திவிடும். பட்டியலில் எல்லாச் சுந்தரங்களும் போய் மீனாட்சிகள் மட்டும் நிற்பார்கள். விகார்ட் 3.0 அல்லது 4.0இல் ஏற்றுமதி செய்யும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஃபோனிலிருந்து எடுக்காமல் கூகுள் காண்டாக்ட்ஸ் இணையப் பக்கத்திலிருந்து எடுப்பதும் ஒரு வழி.

இன்று எதை எடுப்பது

2009இல் பாம் ப்ரீ என்ற ஃபோன் வந்தபோது ஹாட்சிங்க்கைக் கைவிட்டார்கள். பழைய தகவலை ஒருமுறை மாற்றித் தரும் கருவி மட்டும் கொடுத்தார்கள். 2010இல் ஹெச்பி அந்த நிறுவனத்தை வாங்கி, 2011இல் கருவிகளையே நிறுத்திவிட்டது. 64 பிட் விண்டோஸுக்கு யுஎஸ்பி டிரைவர் வராததால், கருவி நன்றாக ஓடினாலும் கேபிளில் சேர்க்க முடியாமல் புளூடூத்தை நம்ப வேண்டிய நிலை வந்தது. கருவியையும் மென்பொருளையும் அவற்றுக்கிடையே பேசும் மொழியையும் ஒரே நிறுவனம் வைத்திருந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் போகும். ஆகவே பொது நெறிமுறையில் பேசும் மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன்: காலண்டருக்கும் வேலைகளுக்கும் கேல்டேவ், முகவரிகளுக்குக் கார்டேவ். முன்னது 2007இலும் பின்னது 2011இலும் இணையத் தரமாக வெளியானவை. 2012இல் வந்த ஒரு நீட்டிப்பு, "இந்த அடையாளத்துக்குப் பிறகு என்ன மாறியது, என்ன அழிந்தது" என்று சர்வரிடமே கேட்க வழி செய்தது. பாமின் கொடிகள் செய்த வேலைதான். நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு சர்வருக்குப் போய்விட்டது, அதனால் எத்தனை கருவிகள் சேர்ந்தாலும் குழப்பம் இல்லை.

ஐஃபோனில் இரண்டு நெறிமுறைகளும் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் இல்லை, டேவ்எக்ஸ்5 என்ற செயலியை நிறுவ வேண்டும். எஃப்-ட்ராய்டு என்ற திறமூலச் செயலிக் கடையில் இலவசம், ப்ளே ஸ்டோரில் காசு. காலண்டருக்கும் முகவரிக்கும் ஆண்ட்ராய்டில் பொதுக் கிடங்கு உண்டு, வேலைப் பட்டியலுக்குக் கிடையாது, அதற்கு டாஸ்க்ஸ்.ஆர்க் அல்லது ஜேடிஎக்ஸ் போர்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். கணினியில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் போதும். 2021இல் வந்த 91ஆம் பதிப்பிலிருந்து கார்டேவும் உள்ளே வந்துவிட்டது. எல்லாக் கருவிகளும் பேசும் சர்வரை நாமே நடத்துவதென்றால் நெக்ஸ்ட்கிளவுட் பெரியது, பராமரிப்பும் பெரியது. நான்கு பேர் வீட்டுக்கு ரேடிகேல் போதும்: பைத்தானில் எழுதியது, 5232 என்ற போர்ட்டில் ஓடும், ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு தனிக் கோப்பாக வைப்பதால் பேக்கப் எடுக்க அந்த அடைவைப் பிரதி எடுத்தால் முடிந்தது. இவ்வளவும் வேண்டாம் என்றால் கூகுளோடு நிற்பதில் தவறில்லை. அழித்த நிகழ்வுகளும் தொடர்புகளும் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஆனால் கூகுளின் வேலைப் பட்டியல் கேல்டேவில் வெளியே வராது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மையம் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஃபோன் கூகுளோடும், அவுட்லுக் கூகுளோடும், அதே அவுட்லுக் ஐகிளவுடோடும், ஐகிளவுட் மறுபடி ஃபோனோடும் சேர்ந்தால் ஒரு பதிவு வட்டமடித்து வேறு அடையாள எண்ணோடு புதியதாகத் திரும்பி வரும். ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். புதிய தொடர்பு எந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது என்றும் பாருங்கள். "இந்தச் சாதனம் மட்டும்" என்று இருந்தால் அது எங்கும் போகாது, ஃபோன் தொலைந்தால் அதுவும் தொலையும்.

உண்மையான தகவலைக் கொட்டுவதற்கு முன் வெற்றுக் கணக்கு ஒன்றில் ஒரு மாலை நேரத்தைச் செலவிடுங்கள். ஒரு வாரம் மட்டும் நாள் மாற்றிய வாராந்திரக் கூட்டம், ஒரு முழுநாள் பிறந்தநாள், மாதக் கடைசி நினைவூட்டல், முப்பது குறிகளுக்கு மேல் நீளும் தமிழ்த் தலைப்பு, இரண்டு முகவரியும் மூன்று கைபேசி எண்ணும் உள்ள ஒரு நபர். இவை இரு பக்கமும் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகு ஃபோனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். ஃபோனில் கூட்டத்தை அழியுங்கள், கணினியில் அதன் நேரத்தை மாற்றுங்கள். பிறந்தநாளின் தலைப்பை இரு பக்கமும் வெவ்வேறாகத் திருத்துங்கள். இணைப்பைத் திரும்பக் கொடுத்து, இரு பக்கமும் கையால் சிங்க் செய்து பாருங்கள். மோதல் வந்தால் என்ன செய்வது என்று கேல்டேவ் நெறிமுறை கட்டளையிடுவதில்லை. பதிவு மாறிவிட்டது என்று சர்வர் மறுப்பதோடு சரி, மீதியைச் செயலி முடிவு செய்கிறது. சில சர்வரில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஃபோன் திருத்தத்தைச் சொல்லாமல் விட்டுவிடும். அது உங்களுக்குச் சம்மதமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. தனியாக ஒருவர் பயன்படுத்தும் காலண்டருக்குப் பரவாயில்லை; மருத்துவமனை முறைப்பட்டியலைக் குடும்பமாகப் பகிர்ந்து வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட செயலியைத் தொடவே கூடாது. கடைசியாக எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து, இன்னொரு வெற்றுக் கணக்கில் இறக்கி, எண்ணிக்கையும் தமிழ்த் தலைப்பும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இதில் தேறினால் வாரக் காட்சியும் விட்ஜெட்டும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கலாம்.